இருந்தபடியே விட்டுச் செல்லவும்

அந்தப் பலகையை எழுதியவள் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்துவிட்டாள் என்று யாரும் பேசக்கூடாது. மேட்டுவெளிக்குப் போகும் இரும்புக் கதவில் தொங்குகிற பச்சைப் பலகை. மூன்று மொழிகளில் ஒரே வாசகம்: "கதவை இருந்தபடியே விட்டுச் செல்லவும்." திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. குதிரை வளர்க்கிறவனுக்கு அதில் ஆயிரம் காரணம் இருக்கும். சைக்கிளில் வருகிறவன் அதையெல்லாம் கேட்க வேண்டியதில்லை. என் வீட்டில் தங்குகிற ஒவ்வொருவருக்கும் காலைக் காபியோடு இதையும் ஊட்டித்தான் அனுப்புகிறேன்.

வட ஸ்பெயின் மலையில் இருக்கும் எங்கள் பெஞ்ஞலோமா ஊரில் பத்து வீட்டில்தான் அடுப்புப் புகை வருகிறது. மிச்சமெல்லாம் பூட்டிக் கிடக்கும் கல்வீடுகள். வாசலுக்கு மேலே கேடயமும் சிங்கமும் செதுக்கியிருக்கும், உள்ளே எலிதான் குடித்தனம். பில்பாவோ நகரத்து மீன் டப்பா ஆலையில் பதினோரு வருடம் நின்று நின்று கால் வீங்கிப்போய்த் திரும்பி வந்தவள் நான். வந்து, அத்தை விட்டுப்போன வீட்டில் ஆறு அறையைச் சரிசெய்து, சைக்கிள்காரர்களைத் தங்கவைக்க ஆரம்பித்தேன். அவர்கள் எனக்காகவோ என் பூண்டு சூப்புக்காகவோ வருவதில்லை. அந்தக் காலத்தில் ஆட்டு மந்தைகள் தெற்கே போன பழைய பாதை மேட்டுவெளியில் இருபது கிலோமீட்டர் ஓடுகிறதே, அதற்காக வருகிறார்கள். முழங்கால் உயரப் புதரும் கல்லும் காற்றும்தான் அங்கே. கடைசியில் பாதை ஓக் மரப் பள்ளத்தில் இறங்கி, ஆற்றோரமாக ஊருக்குள் வந்துவிடும். அந்தப் பாதை இல்லையென்றால் என் வீட்டுக்கு ஒரு ஈ காக்கை வராது. நானும் பழையபடி மீன் டப்பா மூடப் போகவேண்டியதுதான்.

ஏப்ரல் கடைசியில் ஒரு புதன்கிழமை. ஹாலந்திலிருந்து மூன்று பேர் தங்கியிருந்தார்கள். ஒரு கணவன் மனைவி, கூட அந்த மனைவியின் அக்கா லீஸ்பெத். அறுபது வயதுப் பள்ளி ஆசிரியை, ஆனால் ஏற்றத்தில் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மிதித்துக்கொண்டு போய்விடுவாள். காலையில் நாங்கள் நால்வரும் மேலே ஏறினோம். பள்ளத்து உச்சியில் பலகை தொங்கும் அந்தக் கதவு மூடியிருந்தது. திறந்தோம், உள்ளே போனோம், சங்கிலியை மாட்டினோம். எல்லாம் முறைப்படி.

மேட்டுவெளியில் பகல் முழுக்க நல்ல வெயில். ஹெர்வாசியோவின் கறுப்புக் குதிரைகள் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன, நாங்கள் மெதுவாக ஒதுங்கிப் போனோம். மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டது. என் பின் சக்கரம் பஞ்சர். "நீங்க போங்க, பாதை ஒண்ணுதான், நான் பின்னாடியே வர்றேன்" என்று அவர்களை அனுப்பிவிட்டு, விறைத்த விரலோடு டியூப் மாற்றி, வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே கிளம்பினேன்.

திரும்பி அதே கதவுக்கு வந்தால் அது வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது! பத்தாக்குறைக்கு அடியில் ஒரு கல் வேறு, காற்றில் மூடிக்கொள்ளாதபடி முட்டுக்கொடுத்து. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வரச் சோம்பல், கல்லை வைத்துத் திறந்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். காலையில்தானே அத்தனை தூரம் சொன்னேன்! கல்லைக் காலால் எற்றித் தள்ளினேன். கதவை இழுத்து மூடி, சங்கிலி மாட்டி, இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

அன்று சாப்பாட்டு மேஜையில் அவர்களுக்குப் பருப்போடு திட்டையும் நன்றாகவே பரிமாறினேன்.

"நாங்க இங்க சைக்கிள்காரங்களுக்காக ஊர்ல எத்தனை பேர்கிட்ட மல்லுக்கட்டுறோம் தெரியுமா? ஒரு கதவை ஒழுங்கா விடத் தெரியாதவங்க மலைக்கே வரக்கூடாது!"

லீஸ்பெத் முகம் சிவந்து எழுந்தாள். அவளுடைய ஸ்பானிஷ் தட்டுத்தடுமாறும். "காசில்தா, மன்னிக்கணும். ஆனா பலகை... பலகையில எழுதி..."

"பலகையை எழுதினதே நான்தான் அம்மா! எனக்கே படிச்சுக் காட்டாதீங்க."

அவள் உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேரும் மன்னிப்புக் கேட்டார்கள். மறுநாள் காலையில் கூரையெல்லாம் வெள்ளை. நான் எதிர்பாராத பனி. அவர்கள் ஆற்றோரத் தார்ச்சாலை வழியாகக் கிளம்பிப் போனார்கள். போகும்போது லீஸ்பெத் என் கையைப் பிடித்து இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டாள். நானும் பெரிய மனது பண்ணி மன்னித்தேன்.

அன்று மதியம் ரொட்டி வண்டி ஹார்ன் அடித்தபோது நான் மாடியில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். என் ரொட்டியையும் வாங்கிக்கொண்டு ஒப்துலியாதான் வந்தாள். அவள்தான் எங்கள் ஊர்த் தலைவி. எழுபத்திரண்டு வயது. யார் வீட்டில் தும்மினாலும் அவளுக்குத் தெரியும்.

"விஷயம் தெரியுமாடி? எந்த்ரினா குட்டி போட்டுச்சாம், குட்டி செத்துப்போச்சாம். ஹெர்வாசியோ மூஞ்சியப் பாக்க முடியல. கதவாலதான் போச்சு, சைக்கிள்காரங்க வேலைன்னு ரொட்டி வண்டிகிட்ட நின்னு சொன்னான். ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டம் போடணுமாம். மேட்டுவெளிப் பாதையில சைக்கிளே விடக்கூடாதாம்."

ஹெர்வாசியோவும் நானும் ஒரே வயது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு வளர்ந்தவர்கள். முப்பது குதிரை வைத்திருக்கிறான், ஆனால் எந்த்ரினா என்றால் அவனுக்கு உயிர். நாவற்பழ நிறத்தில் சின்னதாக, முரட்டுத்தனமாக இருக்கும் அந்தப் பெட்டைக் குதிரை. முதல் குட்டி அது. அவன் மாதக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் பாவம் வேறு, நியாயம் வேறு. எங்கள் ஊரில் கதவுத் தகராறு என்றால் ஒன்றே ஒன்றுதான்: எவனோ திறந்து போட்டுவிட்டான், மிருகம் வெளியே போய்விட்டது. போன வருடம் அப்படித்தான் நாலு குதிரை இறங்கிவந்து ஒப்துலியாவின் கீரைப்பாத்தியைக் காலி செய்தன. இந்த முறை திறந்து கிடந்த கதவை மூடியவள் நான். அப்படியிருக்க என் பாதையை எப்படி மூடுவார்கள்? வெள்ளிக்கிழமை முழுக்க அடுப்பங்கரையில் நின்று, கூட்டத்தில் என்ன பேசுவது என்று பாத்திரங்களிடம் பேசிப் பழகினேன்.

சனிக்கிழமை ஹெர்வாசியோவே பின்வாசலில் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை.

"காசில்தா, ஒரு விஷயம்..."

"விஷயம் எனக்குத் தெரியும்டா. குட்டி போனதுக்கு எனக்கும் வயிறு எரியுது. அதுக்காக என் பொழப்புல கை வைப்பியா?"

"அதில்லடி. அன்னைக்கு அந்தக் கதவை..."

"கதவைப் பத்தி எனக்கே பாடம் எடுக்காத! அந்த ஹாலந்துக்காரங்க திறந்து போட்டுட்டுத்தான் வந்தாங்க, ஒத்துக்கறேன். கல்லுகூட முட்டுக்குடுத்திருந்தாங்க. ஆனா பின்னாடியே வந்து மூடினது யாரு? நான்! இந்தக் கையால சங்கிலி மாட்டிட்டு வந்தேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் வரல. அப்புறம் எப்படிடா சைக்கிள்காரன் மேல பழி போடுவ?"

அவன் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நீயா மூடின?"

"பின்ன, மேலேர்ந்து புனிதர் யாராவது இறங்கி வந்து மூடினாரா?"

ஏதோ சொல்லப்போகிறவன் மாதிரி வாயைத் திறந்தான். நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வாயடைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்ட மணி அடித்தது. எங்கள் ஊரில் எது முடிவு செய்வதாக இருந்தாலும் மாதா கோயில் வாசல் வளைவுகளுக்குக் கீழேதான். வீட்டுக்கு ஒருவர், வீட்டுக்கு ஒரு கை. மணியை யார் வேண்டுமானாலும் அடித்து ஊரைக் கூட்டலாம். அடித்தால் வந்தே ஆகவேண்டும், ஆனால் வீணாக அடித்தவன் பெயர் ஒரு வருடத்துக்கு ஊர் வாயில் இருக்கும்.

தேனீ வளர்க்கிற மாக்சிமினோ முதலில் எழுந்தான். அவனுக்குச் சைக்கிள் என்றாலே ஆகாது. "இன்னைக்குக் குட்டி, நாளைக்கு என் பெட்டிங்க. இவங்களுக்குத் தார் ரோடு பத்தாதா?" என்றான். இரண்டு மூன்று தலை ஆடியது. நான் எழுந்தேன். பாத்திரங்களிடம் பேசியதைவிட நன்றாகவே பேசினேன். கதவு, கல், சங்கிலி, என் இரண்டு கை, எல்லாவற்றையும் எல்லோரும் பார்க்கும்படி காட்டினேன். "மூடின கதவு எப்படிய்யா குட்டியக் கொல்லும்?" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஒப்துலியா திரும்பினாள். "ஹெர்வாசியோ, புகார் உன்னோடது. நீ என்ன சொல்ற?"

அவன் தூணில் சாய்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"வாபஸா? அப்போ குட்டி?"

"பனியில செத்துப்போச்சு. அவ்வளவுதான்."

கூட்டம் கலைந்தது. பாதை பிழைத்தது. நான் எல்லோருக்கும் என் வாசலில் வெர்மூத் ஒயின் ஊற்றினேன், ஆலிவ் காய் வைத்தேன். மாக்சிமினோகூட ஒரு தம்ளர் குடித்தான். ஹெர்வாசியோ மட்டும் வரவில்லை. பார்லி மூட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுப் பாதையில் தனியாக ஏறிக்கொண்டிருந்தான். ஜெயித்தவளுக்கு இரக்கம் வருவது சுலபம். எனக்கும் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

பள்ளத்து ஓக் மரங்களில் அப்போதுதான் துளிர். பனி உருகி ஓடை சலசலத்தது. நான் அவன் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வழிநெடுக வாய் ஓயாமல் வந்தேன். "தப்பா எடுத்துக்காதடா, எனக்கு உன் மேல கோபமில்ல" என்று இரண்டு முறை சொன்னேன். அவன் "ம்" என்றான், இரண்டு முறையும்.

கதவுக்கு அந்தப் பக்கம், கம்பிகளை ஒட்டினாற்போல, எந்த்ரினா நின்றுகொண்டிருந்தது. காலடியில் புல் நசுங்கி, மண் கறுத்துக் கிடந்தது. கழுகுகள் வியாழக்கிழமையே வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தன, ஓர் எலும்புகூட இல்லை. ஆனாலும் அது அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஹெர்வாசியோ சங்கிலியைக் கழற்றிக் கதவை அகலத் திறந்தான். பிறகு ஓரமாகக் கிடந்த ஒரு கல்லை, தேடாமல், பார்க்காமல், காலாலேயே உருட்டிக்கொண்டு வந்து கதவின் அடியில் கச்சிதமாக முட்டுக்கொடுத்தான்.

அதே கல்.

என் கையிலிருந்த சைக்கிள் கீழே விழுந்தது. கல்லைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன், குதிரையைப் பார்த்தேன். பனி வருமென்று தெரிந்தால் குதிரைகள் பள்ளத்துக்குள் இறங்கி ஒண்டிக்கொள்ளட்டும் என்று அவன் கதவைத் திறந்து வைப்பான். ஜனவரியில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! ஏப்ரலில் என் புத்தியில் அது ஏறவே இல்லை.

"திறந்து வச்சது நீயாடா?"

"புதன்கிழமை மத்தியானம். ரேடியோல பனின்னு சொன்னான்." பார்லியைக் கையில் அள்ளிக் குதிரையிடம் நீட்டினான். "கதவு வரைக்கும் வந்திருக்கு, பாவம். மூடியிருக்கவும் இங்கயே நின்னு போட்டிருக்கு."

நான் நசுங்கிய புல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. நான் சுலபத்தில் அழுகிறவள் அல்ல. ஆனால் அன்று மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

"சனிக்கிழமையே தெரிஞ்சும் ஏன்டா வாயைத் திறக்கல?"

"நீ எங்கடி திறக்க விட்ட?"

"கூட்டத்துல சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா பாதையை மூடிருவாங்க. நீ பில்பாவோவுக்குப் போயிருவ." எந்த்ரினா அவன் உள்ளங்கையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவன் கையை எடுக்கவில்லை. "குட்டிதான் போச்சு. நீயும் போயிட்டா குளிர்காலத்துல நான் யாரோட சண்டை போடுறது?"

எனக்கு அவனை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பினால் நேர் எதிரே என் பலகை. பச்சைப் பெயிண்ட், வெள்ளை எழுத்து, என் கையெழுத்து. லீஸ்பெத் சொல்ல வந்தது இதைத்தான். கதவு திறந்திருந்தது, திறந்தபடி விட்டுவிட்டு வந்தார்கள். நான் எழுதியதை எழுத்துக்கு எழுத்து கேட்டு நடந்த மூன்று பேரைத்தான் நான் பருப்புச் சாப்பாட்டில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். நான் மன்னித்தேன், தூ!

எழுந்தேன். சைக்கிளை நிமிர்த்தினேன்.

"எங்கடி போற?"

"மணி அடிக்க."

"பைத்தியமா உனக்கு? எல்லாம் முடிஞ்சாச்சு. எல்லாரும் சாப்பிட உக்காந்திருப்பாங்க."

"உக்காரட்டும்" என்றேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

அந்த இறக்கத்துக்காகத்தான் ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் என் வீட்டுக்கு வருகிறார்கள். மூன்று கிலோமீட்டர், வேரும் கல்லும் வளைவும். எல்லா வளைவும் எனக்கு அத்துப்படி. அன்றைக்கு ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இறங்கினேன். ஓடைக்கு மேலே மரப்பாலம், ஓக் மரங்கள் முடிந்து பாப்லர் மர வரிசை தொடங்கும் இடம், அங்கிருந்து திடீரென்று தெரிகிற கோயில் கோபுரம். இன்னும் கால் மணி நேரத்தில் இது எதுவும் எனக்கு இல்லாமல் போகலாம். பிரேக்கைப் பிடிக்கத் தோன்றியது. பிடித்தால் நின்றுவிடுவேன் என்று தெரிந்ததால் பிடிக்கவில்லை.

மணிக்கயிற்றை இழுத்தேன். ஒப்துலியா கழுத்தில் துண்டோடு முதலில் ஓடிவந்தாள்.

"யாருடி செத்தா?"

"யாரும் சாகல. எல்லாரும் வரட்டும்."

மாக்சிமினோ வாயில் ஆட்டுக்கறியை மென்றுகொண்டே வந்தான். எல்லோரும் வந்ததும் சொன்னேன். இந்த முறை கையைக் காட்டவில்லை. "கதவை மூடினது நான்தான்னு காலையில பெருமையாச் சொன்னேன். ஹெர்வாசியோ குதிரைங்க இறங்கறதுக்காகத் திறந்து வச்சிருந்தான். நான் கேக்காம கொள்ளாம மூடினேன். குட்டியக் கொன்னது பனியில்ல, நான். ஹாலந்துக்காரங்க ஒரு தப்பும் பண்ணல. இப்போ ஓட்டுப் போடுங்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சைக்கிள் வராதிருந்தால் இவள் அங்கே போயே இருக்கமாட்டாள் என்றது ஒரு கட்சி. உண்மையைச் சொன்னவளை ஊரைவிட்டு விரட்டுவதா என்றது இன்னொரு கட்சி. ஒப்துலியா கை தூக்கச் சொன்னாள். பாதையை மூட நாலு கை, திறந்தே விட நாலு கை. சம்பந்தப்பட்டவள் என்பதால் எனக்கு ஓட்டு இல்லை. பாக்கி ஒரே ஒரு வீடு, அது இன்னும் மலையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தது.

சாப்பாடு ஆறியது. யாரும் போகவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஹெர்வாசியோ காலி மூட்டையோடு வந்து நின்றான், மூச்சு வாங்கியது. ஒப்துலியா நாலுக்கு நாலு என்று சொன்னாள். அவன் கையைத் தூக்கவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"இன்னும் ஏழு குதிரை குட்டி போடணும். மே கடைசி வரைக்கும் பனி பயம் இருக்கு. எனக்கு முட்டி தேய்ஞ்சுபோச்சு, தினம் ஏற முடியல. பனின்னு ரேடியோ சொல்றப்பல்லாம் அந்தக் கல்லை வைக்கறது யாரு?"

"நான்."

"எதுல போவ?"

"சைக்கிள்ல."

அவன் ஒப்துலியாவைப் பார்த்தான். "கேட்டல்ல? எழுதிக்க. எனக்குப் பசிக்குது."

அன்று மாலையே லீஸ்பெத்துக்குக் கடிதம் எழுதினேன். அகராதியைப் பார்த்துப் பார்த்து இரண்டு பக்கம். அடுத்த வியாழக்கிழமை ரேடியோவில் பனி என்றார்கள், மேலே ஏறினேன். கதவு மூடியிருந்தது. திறந்து, கல்லை வைத்தேன். நிமிர்ந்தபோதுதான் பலகையைக் கவனித்தேன். என் மூன்று மொழிகளுக்கும் கீழே, கரித்துண்டால், ஹெர்வாசியோவின் கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது: "காசில்தா, உனக்கும்தான்."

மழை வந்தால் கரி அழிந்துவிடும் என்று, கீழே போய்ப் பெயிண்ட் எடுத்துவந்து அதன்மேலேயே எழுதினேன்.